மதுப் பழக்கமும் ஊராட்சியின் கடமையும்

(சின்ன காஞ்சிபுரத்தில் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் நெசவாளர்களும் கூடிய கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய சொற்பொழிவு)



மதுப் பழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று என்னைக் கேட்டுக்கொண்டபோது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதே எனக்குப் பெரிய யோசனையாயிற்று. மது கேடு தரும் என்பது பாட்டிலின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. திருக்குறளில் கள்ளுண்ணாமை என்று ஓர் அதிகாரம் உண்டு. குடிப்பவரும் அதைப் பள்ளியில் படித்தவரே. ஆகவே அறவுரையை அதற்குரிய பெரியோர்களிடம் விட்டுவிட்டு, வீட்டுக் கணக்கையும் ஊர்க் கணக்கையும் உங்கள் முன் வைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

சின்ன காஞ்சிபுரம் இன்று மாநகராட்சியின் ஒரு பகுதி. ஊராட்சிகளிலிருந்து வந்திருக்கும் உங்களை இங்கே கூட்டியதற்குக் காரணம் உண்டு. வரதராசப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தறி ஓடுவது போலவே, உங்கள் ஊர்களிலும் வயல் வேலைக்கு நடுவே தறி ஓடுகிறது. அங்கு நெய்யப்பெறும் பட்டு இங்கு வந்து சேருகிறது. இங்கு கிடைக்கும் கூலி அங்கு போய்ச் சேருகிறது. இடையில் அது எங்கெங்கே நின்று போகிறது என்பதுதான் இன்றைய விஷயம்.

தறியின் கணக்கு

விவசாய அன்பர்களில் சிலருக்குத் தறியின் நுட்பம் தெரியாதிருக்கலாம். காஞ்சிப் பட்டின் பெருமை அதன் கோர்வையில் இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் தனித்தனி நாடாக்களால் நெய்து, இழைக்கு இழை கோத்து வாங்க வேண்டும். இவ்விதம் நெய்ய ஒருவர் போதாது. குழித்தறியில் நெசவாளர் அமர்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் ஒரு கரையின் நாடாவைத் தள்ளித் தர ஒரு துணையாள் அமர வேண்டும். ஒரு புடவை முடிவதற்கு வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிச் சீர் செய்வதற்கு அக்கம்பக்கத்து வீட்டாரும் வந்து கை கொடுக்க வேண்டும். ஆக, தறி என்பது ஒருவருடைய பெயரில் இருந்தாலும் ஒருவருடைய தொழில் அன்று.

இந்தத் தறியில் அமர்பவருக்குக் குடிப்பழக்கம் நிலைத்துவிட்டால் என்ன ஆகிறது? மாலையில் குடித்ததன் பலன் மறுநாள் காலையில் கையில் தெரிகிறது. கை நடுங்குகிறவர் மயிரிழை போன்ற பட்டிழையைப் பிடிக்க முடியாது. இழை அறும்; அறுந்ததை முடிய நேரமாகும்; கோர்வை சரியாக விழாது; குறையுள்ள புடவைக்குக் கூலியில் பிடித்தம் விழும். பிடித்தம் விழுந்த துக்கத்தில் அன்று மாலையும் கடைக்குப் போவார். இரண்டு நாள் தறி நின்றால் துணையாளுக்கும் இரண்டு நாள் கூலி இல்லை. அவர் எத்தனை நாள் காத்திருப்பார்? வேறு தறிக்குப் போய்விடுவார்.

இந்த இடத்தில்தான் நான் உங்கள் கவனத்தை நிறுத்த விரும்புகிறேன். துணையாள் போன பின் அந்த இடத்தில் வந்து உட்காருகிறவர் யார்? முதலில் மனைவி. அவள் வீட்டு வேலையும் பார்த்து, ஊடைக்குத் தாரும் சுற்றி, தறியிலும் உட்காருகிறாள். அவளாலும் முடியாதபோது பள்ளிக்கூடத்துப் பிள்ளை உட்காருகிறது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் குழந்தைகள் வேலை செய்த நிலைமை ஒரு காலத்தில் நாடெங்கும் பேசப்பட்டது. 1986ஆம் ஆண்டுச் சட்டமும், பள்ளிகளின் பெருக்கமும், தொண்டு நிறுவனங்களின் முயற்சியும் அந்நிலையைப் பெரிதும் மாற்றின. 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பதினான்கு வயது நிரம்பாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கலாகாது. பள்ளி நேரத்திற்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத் தொழிலில் உதவுவதற்கு இடம் உண்டு. இந்த இடைவெளி வழியாகத்தான் சில வீடுகளில் பிள்ளை மறுபடியும் தறிக்கு வருகிறது. ‘வீட்டு வேலைதானே, ஒத்தாசை செய்கிறாள்’ என்று சொல்லிவிட்டால் கேட்பார் இல்லை.

பெயரும் ஊரும் சொல்லாமல் ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஏழாம் வகுப்பில் படித்த பெண், நன்றாகப் படிக்கிறவள். மாதத்தில் நான்கு நாள், ஆறு நாள், பிறகு பத்து நாள் என்று பள்ளிக்கு வராமல் நின்றாள். தலைமையாசிரியை அந்த நாட்களைக் குறித்து வைத்திருந்தார். அவை எல்லாம் புடவை அறுத்துக் கூலி வாங்கிய நாளுக்கு அடுத்து வந்த நாட்கள். தகப்பனார் கூலி வாங்கிய அன்று போய், மூன்றாம் நாள்தான் வீடு திரும்புவார். பாவு காத்திருக்கும். தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம் ஏறிக்கொண்டே போயிற்று. முன்பணம் தீராமல் வேறு தறிக்கும் போக முடியாது. கடைசியில் அப்பாவின் முன்பணத்திற்கு மகள் வட்டி கட்டிக்கொண்டிருந்தாள். பணமாக அன்று, பள்ளிக்கூட நாட்களாக. அந்த வீட்டில் அடி உதை இல்லை, தெருச் சண்டை இல்லை. ஆதலால் ஊராருக்கு அது ஒரு பிரச்னையாகவே தெரியவில்லை. பள்ளியின் வருகைப் பதிவேடு ஒன்றுதான் அதைக் காட்டியது.

பணக் கணக்கையும் பார்ப்போம். ஒரு குவார்ட்டர் 140 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாள் ஒன்றுக்கு ஒன்று வீதம் ஆண்டுக்கு 51,100 ரூபாய் ஆகிறது. ஒரு நல்ல கறவைப் பசுவின் விலை. வேலை இழந்த நாட்களின் கூலி, மருத்துவச் செலவு, வட்டி ஆகியவற்றை நான் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் கூட்டத்தில் பலர் எழுந்து போய்விடக் கூடும்.

வயலிலும் இதே கதை

நெசவாளரைப் பற்றியே பேசுகிறேன் என்று விவசாயிகள் நிம்மதியாக இருக்க வேண்டாம். சொர்ணவாரி ஆயினும் நவரை ஆயினும், நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்ட காலம் இது. ஆளைப் பிடித்து நிறுத்துவதற்காகக் கூலிக்கு மேல் ‘சரக்குக் காசு’ என்று தனியாகக் கொடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் வந்திருக்கிறது. மோட்டார் பழுது பார்க்க வந்தவருக்கும், சாவு வீட்டில் குழி வெட்டியவருக்கும், பறை அடித்தவருக்கும் பணத்தோடு பாட்டிலும் தருவது முறையென்று ஆகிவிட்டது. கொடுப்பவர் குடிக்காதவராகவே இருப்பார். ‘நான் தொடுவதில்லை ஐயா, அவர்கள் கேட்கிறார்கள்’ என்பார். அந்தக் காசை வெறுங்கூலியாகச் சேர்த்துக் கொடுத்தால் அதில் பாதியாவது வீட்டுக்குப் போகும். சரக்குக் காசு என்று பெயர் வைத்துக் கொடுத்துவிட்டால் அதை வீட்டுக்குக் கொண்டு போவது அவமானம்.

தவிரவும், இரவில் ஏரி மடைக்கும் பம்பு செட்டுக்கும் குடித்துவிட்டுப் போகிறவருக்குப் பாம்பும் மின்சாரமும் ஒன்றுதான். வீட்டில் பூச்சி மருந்து இருக்கிறது. நிதானத்தில் இருந்தால் கடந்து போயிருக்கக் கூடிய ஒரு கோபத்தில், போதையில் அதை எடுத்துக் குடித்தவர்களை நீங்களும் நானும் அறிவோம். பூச்சி மருந்தைப் பூட்டி வையுங்கள், சாவி வீட்டுப் பெண்களிடம் இருக்கட்டும் என்று வேளாண்மைக் கூட்டங்களிலும் நான் சொல்லி வருகிறேன்.

வயலில் உடைந்து கிடக்கும் கண்ணாடிச் சில்லு நாற்று நடும் பெண்களின் காலைக் கிழிப்பது பற்றி முன் வரிசையில் ஒரு பெரியவர் கூட்டம் தொடங்குமுன் கேட்டார். நீலகிரி மாவட்டத்தில் உயர் நீதிமன்றத்தின் அறிவுரையின் பேரில் 2022ஆம் ஆண்டில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது: பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுத்துவிடுவது. பிறகு அது வேறு மாவட்டங்களுக்கும் விரிந்தது. காலிப் பாட்டிலுக்கு விலை வந்தவுடன் அது வரப்பில் கிடப்பது குறைகிறது. சிறிய விஷயம்தான், ஆனாலும் அந்தப் பெரியவர் கேட்டது நியாயமான கேள்வி.

சட்டம் போன வழி

நமது மாநிலத்தில் மதுவைப் பற்றிய சட்டம் பல முறை மாறியிருக்கிறது. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிய ராஜாஜி, குடி ஒழிப்பையும் கதர் வேலையையும் சேர்த்தே நடத்தினார். மதுவிலக்குக்கென்றே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையையும் வெளியிட்டார். குடியை விட்டவனுக்கு ராட்டையும் தறியும் இருக்க வேண்டும் என்று அன்றே கண்டிருந்தார்கள். 1937இல் அவர் முதலமைச்சராகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். இழந்த வருமானத்தை ஈடு செய்ய 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மதுவிலக்கு மாகாணம் முழுவதற்கும் பரவியது. இந்தக் காஞ்சியில் பிறந்த அண்ணா அவர்கள் 1967 முதல் 1969 வரை முதலமைச்சராக இருந்த காலத்தில், நிதி நெருக்கடி இருந்தும், அதைத் தளர்த்தவில்லை. 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 2003ஆம் ஆண்டு இறுதியில் சில்லறை விற்பனை முழுவதும் அரசு வாணிபக் கழகத்தின் கைக்கு வந்தது. 2023–24ஆம் ஆண்டில் இதன் மூலம் அரசுக்குக் கிடைத்த வருமானம் 45,855 கோடி ரூபாய். இடையிடையே கடைகளும் மூடப்பட்டிருக்கின்றன. 2023 ஜூன் மாதத்தில் மட்டும் 500 கடைகள்.

கொள்கையை வகுப்பது சட்டமன்றத்தின் வேலை. என் போன்ற அலுவலர் அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. நான் சொல்ல வருவது வேறு. சட்டம் இறுகியிருந்த காலத்திலும் குடித்தவர் இருந்தார்; தளர்ந்த காலத்திலும் குடிக்காதவர் இருக்கிறார். எந்தச் சட்டம் இருந்தாலும், பழக்கத்தில் வீழ்ந்த மனிதனுக்கும் அவனைக் குணப்படுத்தக் கூடிய மருத்துவமனைக்கும் இடையே உள்ள தூரத்தை நடத்திக் கொண்டு போவதற்கு ஊரில் ஒருவர் வேண்டும். மத்திய அரசின் சமூக நீதித் துறைக்காக அகில இந்திய மருத்துவக் கழகம் நடத்தி 2019இல் வெளியிட்ட கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மது அருந்துவோர் ஏறக்குறைய 16 கோடிப் பேர். அவர்களுள் உதவி தேவைப்படும் அளவுக்குச் சிக்கியவர்கள் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மற்ற 37 பேரும் எங்கே இருக்கிறார்கள்? நம் ஊர்த் திண்ணைகளில் இருக்கிறார்கள்.

நோய் என்று அறிந்து நடத்துவது

மது அடிமைத்தனம் ஒரு நோய் என்று உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. நம் ஊர்களில் இதைக் கொழுப்பு என்றோ, புத்தி கெட்டது என்றோ, யாரோ வைத்த சூனியம் என்றோ சொல்கிறோம். இம்மூன்றுக்கும் மருந்து இல்லை, நோய்க்கு உண்டு.

பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்து வந்தவரை ஒரே நாளில் நிறுத்தி அறையில் பூட்டி வைப்பதை நான் பல இடங்களில் கேள்விப்பட்டிருக்கிறேன். பெற்றவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள். ஆனால் அது உயிருக்கே ஆபத்தாகலாம். நிறுத்திய சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை தோன்றும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரக் கூடும். இரண்டாம் மூன்றாம் நாட்களில் சிலருக்குப் பிதற்றல் கண்டு, இல்லாத பூச்சிகளும் உருவங்களும் தெரிவதாகக் கூவுவார்கள். ‘காற்று பட்டுவிட்டது’ என்று மந்திரிக்க அழைத்துப் போவதும் அப்போதுதான். இது மருத்துவமனையில் படுக்க வைத்து, மருந்தும் வைட்டமின் பி1 சத்தும் கொடுத்துக் கவனிக்க வேண்டிய நிலை. நான்கைந்து நாட்களில் உடல் அடங்கிவிடும். அதன் பிறகுதான் மனத்திற்கான சிகிச்சை தொடங்குகிறது.

கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு மண்டலம் முழுவதும் குடிக்காமல் இருப்பவர்களும், கோயிலில் காப்புக் கட்டிக்கொண்டு நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். இதை ஏளனம் செய்பவர்களோடு நான் சேரமாட்டேன். நாற்பது நாள் இருக்க முடிந்தவருக்கு அதற்கு மேலும் இருக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. ஆனால் காலையில் எழுந்தவுடன் குடித்தால்தான் கை நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டவர், மாலை போடுமுன் மருத்துவரைப் பார்க்கட்டும்.

தாய்மார்களுக்கு ஓர் எச்சரிக்கை. ‘அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கலாம், குடியை மறந்துவிடுவார்’ என்று விளம்பரம் செய்து பொடியும் மாத்திரையும் விற்கிறார்கள். குடியை நிறுத்துவதற்கென்று மருத்துவர்கள் கொடுக்கும் ஒரு மாத்திரை உண்டு. அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, இரத்த அழுத்தம் விழுந்து, உயிரே போகவும் கூடும். அதனால்தான் நோயாளியின் முழுச் சம்மதத்தோடும், விளைவை விளக்கிச் சொல்லியும் கொடுக்கிறார்கள். அதே மருந்தை அறியாமல் தின்றவர் வழக்கம்போல் கடைக்குப் போனால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். தெரியாமல் கொடுக்கும் எந்த மருந்தையும் வாங்காதீர்கள்.

மறுவாழ்வு இல்லம் என்று பெயர்ப் பலகை மாட்டிய இடங்கள் எல்லாம் ஒன்றல்ல. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி போதை நோயும் மனநலச் சிகிச்சைக்குரியதே. ஆகவே அத்தகைய இல்லம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அடித்துக் கட்டிப் போட்டுத் திருத்துகிறோம் என்று சொல்லும் இடத்தில் உங்கள் ஊர்க்காரரை விட்டு வராதீர்கள். அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவரைக் காண்பதற்குக் கட்டணம் இல்லை. 2025ஆம் ஆண்டில் ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்த போதை மீட்பு மையங்களும் திறக்கப்பட்டன. போதைப் பழக்கத்திலிருந்து விடுபட வழி கேட்பதற்கு 14446 என்ற எண்ணுக்குக் காசின்றிப் பேசலாம்.

சிகிச்சையை ஊருக்கே கொண்டு வந்த முன்மாதிரியும் நம் நாட்டில் உண்டு. குடிப்பழக்கத்தால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அவர்கள் 1980இல் சென்னையில் டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். அந்நிலையத்தார் 1980களின் இறுதியிலிருந்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலேயே முகாம் அமைத்து, பதினைந்து நாள் அங்கேயே தங்க வைத்துச் சிகிச்சை அளித்தனர். மருத்துவரும் ஆலோசகரும் வெளியிலிருந்து வருவார்கள். இடமும் உணவும் ஆள் துணையும் ஊரார் பொறுப்பு. குடும்பத்தாருக்கும் தனியாக வகுப்பு. இதில் எனக்குப் பிடித்த அம்சம், குணமாகித் திரும்புகிறவரை ஊர் முழுவதும் அறிந்திருக்கும் என்பது. இரகசியமாகப் போய் இரகசியமாகத் திரும்புகிறவரை முதல் வாரத்திலேயே பழைய நண்பர் அழைத்துக்கொண்டு போய்விடுகிறார்.

திரும்பி வந்தவர் மறுபடியும் ஒரு முறை குடித்துவிடுவது உண்டு. ‘பார்த்தீர்களா, நாய் வாலை நிமிர்த்த முடியுமா’ என்று நாம் சொல்லிவிடுகிறோம். சர்க்கரை நோயாளி ஒரு நாள் லட்டு தின்றுவிட்டால் மருந்தை நிறுத்திவிடுகிறோமா? மறுபடியும் அழைத்துப் போக வேண்டியதுதான். அதோடு, அவருக்குத் தறி காத்திருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளிடமும் தறி முதலாளிகளிடமும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று: சிகிச்சைக்குப் போன மாதத்திற்காக அவருடைய பாவைப் பறிக்காதீர்கள், அந்த மாதம் முன்பணத்தை நெருக்காதீர்கள்.

இளைஞரைப் பற்றி ஒரு சொல். பள்ளிப் பையன்கள் உதட்டுக்குள் அடக்கி வைக்கும் புகையிலைப் பொட்டலம், குட்கா, கஞ்சா, வலி நீக்கும் மாத்திரையைத் தவறாகப் பயன்படுத்துவது ஆகியவை நம் பகுதியிலும் இல்லாமல் இல்லை. குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் இம்மாநிலத்தில் 2013 முதல் தடை இருக்கிறது. பள்ளியை ஒட்டிய பெட்டிக் கடையில் என்ன விற்கிறது என்பதை வார்டு உறுப்பினர் அறியாதிருக்க முடியாது. இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு மது விற்பதும் குற்றம்.

கள்ளச் சாராயம்

2023 மே மாதத்தில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், நம் பழைய மாவட்டத்தின் பகுதியாக இருந்த மதுராந்தகம் பக்கத்திலும் இருபதுக்கு மேற்பட்டோர் விஷச் சாராயத்தால் மாண்டனர். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65 பேருக்கு மேல் மாண்டனர்; அவர்களுள் பெண்களும் உண்டு. பெரும்பாலோர் கூலித் தொழிலாளர். கொன்ற பொருள் மெத்தனால் என்னும் தொழிற்சாலைச் சாராயம். நிறத்திலும் மணத்திலும் அதைப் பிரித்தறிய இயலாது. உடலுக்குள் சென்ற பின் அது அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. குடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, கண் மங்கல் வரும். வெறும் வயிற்று வலி என்று வீட்டில் படுத்திருந்தவர்கள் காலம் கடந்து மருத்துவமனைக்கு வந்தார்கள். நேரத்தில் வந்தால் மாற்று மருந்தும் இரத்தச் சுத்திகரிப்பும் கொண்டு காப்பாற்ற முடியும். ஆகவே ஒருவருக்கு இக்குறிகள் கண்டால், அவரோடு சேர்ந்து குடித்த அனைவரையும், நன்றாக இருப்பவரையும் சேர்த்து, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும். மானம் பார்த்து ஒளித்து வைக்கக் கூடாது.

கருணாபுரத்துக்குப் பின் 2024இல் மதுவிலக்குச் சட்டம் திருத்தப்பட்டு, சாவுக்குக் காரணமான கள்ளச் சாராயக் குற்றத்திற்கு ஆயுள் சிறை வரை தண்டனை விதிக்க வழி செய்யப்பட்டது. தகவல் தெரிவிக்க 10581 என்ற எண் இருக்கிறது. பெயர் சொல்ல வேண்டுவதில்லை. நம் ஊரில் யார் விற்கிறார் என்பது நமக்குத் தெரியாமலா இருக்கிறது? உறவினர், சொந்தச் சாதி, வேண்டியவர், ஓட்டுப் போட்டவர் என்று நாம் பார்க்கும் தயவை மெத்தனால் பார்ப்பதில்லை.

உறுப்பினர்களுக்கு

இனி நான் சொல்லப் போவது சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். இங்கிருந்து சிறிது தொலைவில் உத்திரமேரூர் இருக்கிறது. வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதற் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகளைப் பார்க்க வெளிநாட்டார் எல்லாம் வருகிறார்கள். குடவோலையில் பெயர் இடத் தகுதியற்றவர் யார் யார் என்று அதில் எழுதியிருக்கிறது. கணக்குக் காட்டாதவர் கூடாது. பஞ்சமாபாதகங்களில் முதல் நான்கைச் செய்தவர் கூடாது. அந்த நான்கில் கள்ளுண்ணல் ஒன்று. அவர்களுடைய உறவினரையும் சேர்த்து அக்காலத்தார் விலக்கினர். அது நமக்கு உடன்பாடு அன்று. குடிப்பவரின் மனைவியைப் போல ஊராட்சிக்குத் தேவையான உறுப்பினர் வேறு யாரும் இல்லை என்பது என் கருத்து.

ஆயிரம் ஆண்டுக்கு முன் குடித்தவர் சபைக்கு வரலாகாது என்றிருந்தது. இன்று குடிக்கக் கொடுத்தவர் சபைக்கு வருகிறார் என்று மக்கள் பேசிக்கொள்கிறார்கள். எல்லாரையும் சொல்லவில்லை. ஆனால் உள்ளாட்சித் தேர்தலின் போது எந்தத் தெருவில் எத்தனை பெட்டி இறங்கியது என்று சிறு பிள்ளைகளும் அறிவார்கள். அந்த இரண்டு வாரத்தில் முதன்முதலாகக் குடிக்கக் கற்றுக்கொண்ட பதினெட்டு வயதுப் பையன், தேர்தல் முடிந்ததும் நிறுத்திவிடுவதில்லை. பிறகு அதே உறுப்பினர் கிராம சபையில் போதை ஒழிப்பு உறுதிமொழியை வாசித்தால், பின் வரிசையில் சிரிப்பு எழுவதைத் தடுக்க முடியாது.

அண்டை மாநிலத்தில், ஒரு காலத்தில் நம் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த நெல்லூர் மாவட்டத்தில், தூபகுண்டா என்ற சிற்றூர்ப் பெண்கள் செய்ததை அறிந்திருப்பீர்கள். அறிவொளி வகுப்பில் எழுதப் படிக்கக் கற்ற கூலிப் பெண்கள், தாங்கள் படித்த பாடத்தில் குடியால் நலிந்த குடும்பத்தின் கதையைப் பார்த்து, ‘இது நம் வீட்டுக் கதை ஆயிற்றே’ என்று எழுந்து சாராயக் கடையை மூட வைத்தனர். 1992இல் அது மாவட்டம் முழுவதும் பரவியது. 1993இல் ஆந்திரம் முழுவதும் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995இல் வந்த முழு மதுவிலக்கு 1997இல் தளர்த்தப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். சட்டம் வந்து போயிற்று. படித்த பெண்கள் படித்தவர்களாகவே இருக்கிறார்கள். நம் மாநில உள்ளாட்சிகளில் பாதி இடங்கள் இன்று பெண்களுக்கு உரியவை. அவர்களுடைய இருக்கையில் கணவர் வந்து அமர்ந்துகொள்ளாமல் இருந்தால், நான் இவ்வளவு நேரம் பேசியிருக்க வேண்டியதில்லை.

கடை பற்றிய குறை ஏதும் இருப்பின், அதற்கும் முறை உண்டு. நகராட்சி, மாநகராட்சி அல்லாத இடங்களில் பள்ளி, வழிபாட்டு இடம் ஆகியவற்றிலிருந்து நூறு மீட்டருக்குள் மதுக்கடை அமையலாகாது என்பது 2003ஆம் ஆண்டு விதி. தூரத்தை அளந்து, கிராம சபையில் தீர்மானம் எழுதி, மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். கூச்சல் போடுவதைக் காட்டிலும் அளவு நாடாவும் தீர்மானப் புத்தகமும் மேல் என்பது என் அனுபவம்.

இறுதியாக, இம்மாதம் முதலே செய்யக் கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் வார்டு உறுப்பினர் ஒருவரும் மகளிர் சுய உதவிக் குழுவைச் சேர்ந்த ஒருவரும் பள்ளிக்குச் சென்று, ஐந்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகளின் பெயரைத் தலைமையாசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த வீடுகளுக்குப் போங்கள். காய்ச்சலாக இருந்தால் காய்ச்சல். தறியிலோ மாட்டுக் கொட்டகையிலோ பிள்ளை நின்றிருந்தால், அதன் தகப்பனார் எங்கே என்று கேளுங்கள். பிள்ளையின் பொருட்டு 1098க்குப் பேசலாம். தகப்பனாரின் பொருட்டு 14446க்குப் பேசலாம். அவர் மருத்துவமனைக்கு வரச் சம்மதிக்கும் நாளில் தாமதமின்றி உடன் செல்வதற்கு ஒவ்வொரு ஊராட்சியிலும் இரண்டு பேர் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஒருவர் அவரோடு நான்கைந்து நாள் தங்கக் கூடியவராக இருக்கட்டும். அவ்விருவர் பெயரும் கைப்பேசி எண்ணும் அடுத்த கிராம சபைக்கு முன் ஒன்றிய அலுவலகத்துக்கு வந்து சேர வேண்டும். மருத்துவமனைக்குச் சொல்லி வைப்பதும், சங்கத்தாரிடம் பேசித் தறியை நிறுத்தி வைப்பதும் எங்கள் அலுவலகத்தின் பொறுப்பு.